அந்தமான் ரிசார்ட்டும் அப்பாவின் வலது காலும்

பொங்கல் முடிஞ்ச கையோட குடும்பமா அந்தமான் போயிட்டு வந்தோம். போட்டோ போட்டதுல இருந்து "டாக்டர், எப்படி இருந்துச்சு? அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. தாராளமா போகலாம். ஆனா கூட வர்றவங்கள்ல சர்க்கரை நோயாளி ஒருத்தர் இருந்தா இதைப் படிச்சிட்டுப் போங்க. த்ரெட் கொஞ்சம் நீளம். அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "என் காலைப் பத்தித்தானய்யா, எழுதிக்க"ன்னுட்டார்.

அப்பாவுக்கு 68 வயசு. சோழவந்தான் பக்கம் எங்க ஊரு. வெற்றிலைக் கொடிக்கால். 2023-ல சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஏதோ தனக்கே பத்மஸ்ரீ கொடுத்த மாதிரி தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்த மனுஷன். கொடிக்காலுக்குள்ள அவர் செருப்பு போட மாட்டார். வெற்றிலை லட்சுமி, செருப்புக் காலோட உள்ள போகக் கூடாதுங்கிறது அவங்க அப்பா காலத்து வழக்கம். வாசல்லயே கழட்டி வச்சிருவார். அகத்தி மரத்துக்கு நடுவுல ஈர மண்ணுல அம்பது வருஷமா வெறுங்கால்தான். "தண்ணி பாஞ்சது போதுமா பத்தாதான்னு என் காலு சொல்லும்டா"ன்னு சின்ன வயசுல என்கிட்ட பெருமையா சொல்லுவார்.

சர்க்கரை நோய் வந்து 14 வருஷம். இடையில நாலஞ்சு வருஷம் சரியா மாத்திரை போடாம அலட்சியமா விட்டுட்டார். இப்போ மூணு வருஷமா இன்சுலின்.

பயணக் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சென்னை. அங்க இருந்து விமானத்துல போர்ட் பிளேர் (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியாச்சு, ஆனா ஆட்டோக்காரர்ல இருந்து எல்லாரும் இன்னும் போர்ட் பிளேர்தான்). இன்சுலினைக் கைப்பையிலதான் வச்சிருந்தேன். பெட்டியோட கீழ போட்டா விமானத்தோட அடியில குளிர்ல உறைஞ்சு போக வாய்ப்பு இருக்கு. உறைஞ்ச இன்சுலின் அதுக்கப்புறம் உருகினாலும் வேலைக்கு ஆகாது.

அம்மாவுக்கு முதல் நாளே பரம சந்தோஷம். போர்ட் பிளேர்ல வெற்றிமலை முருகன் கோவில் இருக்கு. திரும்பின பக்கமெல்லாம் தமிழ். "பிளைட்டுல ஏத்திட்டு வந்து திருப்பரங்குன்றத்துல எறக்கி விட்டுட்டியாடா"ன்னு கேட்டாங்க. செல்லுலார் ஜெயில்ல அப்பா ஒரு மணி நேரம் வாயே திறக்கல. ஏழு கிளையா கட்டினதுல இப்ப மூணுதான் மிச்சம் இருக்குன்னு வழிகாட்டி சொன்னப்போ, மீதி எங்கன்னு மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் கப்பல்ல ஹேவ்லாக். 2018-ல இருந்து ஸ்வராஜ் தீவு. கடல்ல ஆட்டம். என் மனைவி வழி நெடுக வாந்தி. அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டே ஜம்முனு வந்தாங்க.

ரிசார்ட் தீவோட கிழக்குக் கரையில. பேரு வேண்டாம். விளம்பரப் படத்துல வராந்தா படிக்கட்டு வரைக்கும் நீலத் தண்ணி. நான் அதுக்காகத்தான் கூடுதலா காசு கட்டினேன். மறுநாள் காலையில கதவைத் திறந்தா கடலையே காணோம்! அரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பாறையும் சேறும் செத்த பவளமும்தான் கிடக்கு. எனக்குக் கடுப்பு. வரவேற்புல போய் சண்டை போட்டேன். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே, "சார், இது வத்து நேரம். கிழக்குப் பக்கம் எல்லா ரிசார்ட்லயும் இப்படித்தான். மத்தியானம் தண்ணி ஏறிரும்" அப்படின்னார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் உள்வாங்கும், நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ரொம்ப தூரம் உள்வாங்கும். இதெல்லாம் புக் பண்றப்போ யாரும் சொல்றதில்ல. நீங்க கேட்டு வாங்கிக்கோங்க.

நான் கடுப்புல நின்ன அதே இடத்துல அப்பாவுக்குக் கொண்டாட்டம். மதுரைக்கும் ஹேவ்லாக்குக்கும் சுமார் 15 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். கடிகாரம் ஒண்ணுதான், ஆனா சூரியன் அங்க ஒரு மணி நேரம் முந்திக்குது. ஆறு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிருது. ஊர்ல நாலரைக்கு எழுந்திரிச்சு விடியறதுக்காகக் காத்துக் கிடக்கிறவருக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "கம்மா வத்துன மாதிரில்ல இருக்கு"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, எட்டு வயசுப் பேத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டார். தேங்கின குட்டைகள்ல கடல் அட்டை, துறவி நண்டு, நட்சத்திர மீன். ஒவ்வொண்ணா குனிஞ்சு காட்டுறார். பேத்தி கத்துறா. ரெண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் அங்கேயே. எங்க அப்பா அப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு. வராந்தாவுல உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன்.

அந்த வீடியோ இப்பவும் போன்ல இருக்கு. பேத்தி காலுல ரப்பர் ஷூ இருக்கு. நான்தான் போட்டுவிட்டேன். அப்பா வெறுங்கால். எம்.டி. படிச்ச டாக்டர் நான், அதைப் பார்த்துக்கிட்டே வீடியோ எடுத்திருக்கேன்.

பதினொரு மணி இருக்கும். அறையில எல்லாரும் கிளம்பிக்கிட்டு இருந்தோம். மகள்தான் சொன்னா: "தாத்தா நடந்தா தரையில முத்திரை விழுது."

வெள்ளை டைல்ஸ். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் வரிசையா, ஒரே அளவுல, பழுப்புச் சிவப்பு முத்திரை.

உட்கார வச்சுக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் பெருவிரலுக்குக் கீழ இருக்கிற மேட்டுல ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டு. உள்ள மணல். பவளம் கிழிச்சிருக்கு. நாலு மணி நேரமா அதோட நடந்திருக்கார், சாப்பிடப் போயிருக்கார், மாடிப்படி ஏறியிருக்கார்.

"வலிக்கலையாப்பா?"

"என்னது வலிக்கலையா? எங்க?"

அவர் நடிக்கல. நிஜமாவே தெரியல.

கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். "விரலைத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சதும் எந்தக் கால்னு சொல்லுங்கப்பா." ஆள்காட்டி விரல் நுனியால வலது பெருவிரலைத் தொட்டேன். அமைதி. சுண்டு விரல். அமைதி. இடது பெருவிரல், சுண்டு விரல். அதுக்கும் அமைதிதான். அப்புறம் அப்பா கண்ணை மூடிக்கிட்டே சொன்னார்:

"ஏய்யா சும்மா உக்காந்திருக்க? ஆரம்பி."

என் மனைவி அறையை விட்டு வெளிய போயிட்டா. எனக்கு எங்க போறதுன்னு தெரியல.

கடைசியில ஆறுல ரெண்டு விரல்தான் அவர் சரியா சொன்னது, ரெண்டு காலுலயும் நடுவிரல் மட்டும்.

சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம் என் கிளினிக் எப்படி இருக்கும்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்லணுமா? அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்க வெறுங்காலோட நின்னவங்க, ஆடி வீதி கல்லுல உச்சி வெயில்ல பிரகாரம் சுத்தினவங்க. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், ஆனா "சுட்டதே தெரியல டாக்டர்"ம்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பேன். சர்க்கரை பல வருஷம் கூடுதலா இருந்தா நரம்பு கெடும். உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான், அதனால முதல் அடி கால் விரலுக்குத்தான். எரிச்சல், ஊசி குத்தற மாதிரி இருந்தா சிலருக்குத் தெரியவரும். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாம உணர்ச்சி மட்டும் மெதுவா போயிரும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டுங்கன்னு.

எங்க அப்பாவோட காலை நான் ஒரு தடவை கூடச் சோதிச்சதில்ல.

அவரோட ரத்த ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும். மூணு மாச சராசரி பார்ப்பேன், கிரியாட்டினின் பார்ப்பேன், மாத்திரையை மாத்துவேன். தீபாவளி பொங்கலுக்கு ஊருக்குப் போனா காலுல விழுந்து கும்பிடுவேன். தலையைக் குனிஞ்சு ரெண்டு கையாலயும் தொடற அந்தக் காலை அப்பக்கூட நிமிர்த்திப் பார்க்கத் தோணல. இதுக்கு மேல இதை விளக்க எனக்கு வார்த்தை இல்ல.

சரி, அடுத்து என்ன செஞ்சோம்னு சொல்றேன், இது உங்களுக்குப் பயன்படும். கடல் காயம்னா முதல் வேலை சுத்தமான குடிதண்ணியை நிறைய ஊத்திக் கழுவுறதுதான். மூணு பாட்டில் தண்ணி ஊத்தினேன். மஞ்சத்தூள், காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. மேலோட்டமா சின்னதா தெரியுதேன்னு பேண்ட்-எய்டு ஒட்டி மூடிடவும் கூடாது. பவளத் துணுக்கு உள்ளேயே தங்கிட்டா புண் ஆறாம இழுத்தடிக்கும். வெதுவெதுப்பான கடல் தண்ணியில விப்ரியோன்னு ஒரு வகைக் கிருமி உண்டு. நல்ல உடம்புக்காரங்களை அது பெரும்பாலும் ஒண்ணும் பண்றதில்ல. கல்லீரல் நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அதே கிருமி ஒரே நாள்ல காலை, சமயத்துல உயிரையே ஆபத்துல தள்ளிடும். சிவப்பு வேகமாப் பரவினா, நீர்க்கொப்புளம் வந்தா, காய்ச்சல் வந்தா, கப்பல் டிக்கெட்டைப் பத்தி யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

தீவுல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். சின்னப் பொண்ணு ஒருத்தர் டியூட்டி டாக்டர். நான் டாக்டர்னு சொல்லிக்கல, சொல்ல வெட்கமா இருந்துச்சு. அவர் முதல்ல என்ன பண்ணார் தெரியுமா? காயத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி பாதத்து மேல நாடி பிடிச்சுப் பார்த்தார். ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம்னார். திரும்பக் கழுவி, தையல் போடாம திறந்த மாதிரியே கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக். "வீட்டுல யாரும் கால் செக் பண்ணதே இல்லையா?"ன்னு அம்மாகிட்ட இந்தியில கேட்டார். அம்மாவுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது.

மிச்ச ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னு கேட்டா, கலவையாத்தான் சொல்லணும். ராதாநகர் கடற்கரை சூரிய அஸ்தமனம், ஆசியாவிலேயே அழகான கடற்கரைன்னு டைம் பத்திரிகை ஒரு காலத்துல எழுதின இடம், நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிருது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில, கட்டுப் போட்ட காலைப் பாலித்தீன் பையில சுத்தி இன்னொரு நாற்காலி மேல நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி ஒவ்வொரு சிப்பியா கொண்டுவந்து அவர் மடியில வச்சா. (எடுத்துட்டு வரக் கூடாது, விமான நிலையத்துலயே பிடிங்கிருவாங்க. பார்த்துட்டுத் திரும்பப் போடச் சொன்னோம்.) அம்மாதான் ரெண்டு நாளும் புலம்பல். "இவுகளுக்கு எதுக்குடா இந்த ஊரு? கொடிக்கால்லயே கெடந்திருப்பாக." நான் பதில் சொல்லல. அப்பா சொன்னார்: "ஏய், கொடிக்கால்ல முள்ளு குத்தியிருந்தா இவன் வந்து பாத்திருப்பானா?"

மதுரை வந்து எக்ஸ்ரே எடுத்ததுல அரிசி குருணை அளவுக்கு ஒரு பவளத் துணுக்கு உள்ள இருந்துச்சு. எடுத்தாச்சு. புண் முழுசா ஆற ஏழு வாரம் ஆச்சு. அந்தக் காலுல பாரம் விழாம இருக்கணும்னு வீட்டோட இருக்க வச்சதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

நான் ரிசார்ட் அறையில செஞ்ச சோதனைக்கு இப்ஸ்விச் டச் டெஸ்ட்னு பேரு. கருவி எதுவும் வேண்டாம். சர்க்கரை நோய் இருக்கிறவங்களைக் கண்ணை மூடச் சொல்லுங்க. ரெண்டு காலுலயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மொத்தம் ஆறு இடம். விரல் நுனியில பூ மாதிரி ஒண்ணு ரெண்டு நொடி தொடணும், அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு இடத்தை ஒரு தடவைதான். ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா டாக்டர்கிட்ட முழுசா கால் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாம் சரியா சொன்னாலும் வருஷாந்திரப் பரிசோதனை உண்டு. கடற்கரைக்குப் போனா தண்ணிக்குள்ளயும் ரப்பர் ஷூ. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலை யாராவது ஒருத்தர் பார்க்கணும், குனிய முடியலன்னா கண்ணாடி வச்சு அவங்களே பார்க்கலாம்.

எங்க வீட்டுல அந்த வேலையை மகள் எடுத்துக்கிட்டா. தினமும் எட்டு மணிக்கு வீடியோ கால். "தாத்தா, காலைக் காட்டு." அவர் போனைத் தரையில வச்சு மேல நின்னு காட்டுறேன்னு பாதி நாள் கூரைதான் தெரியுது.

கொடிக்கால் விஷயம்தான் பெரிய பஞ்சாயத்து ஆச்சு. எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தேன். தெருவுல போட்டுக்குவார், கொடிக்கால் வாசல்ல கழட்டிருவார். ரெண்டு தடவை சண்டை. மூணாவது தடவை நான் பேசாம இருந்துட்டேன். போன வாரம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார். புதுசா இன்னொரு ஜோடி வாங்கி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, கொடிக்காலுக்குள்ளேயே அகத்தி மரத்துல மாட்டி வச்சிருக்கார். வாசல்ல தெருச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள இதை மாட்டிக்கிறார். தெருவை மிதிக்காததால அது செருப்புக் கணக்குல வராதாம்.

அம்மா இன்னும் ஒத்துக்கல.