தூங்கிக்கிட்டிருந்த நாலாவது அச்சு!

ஒரு கேள்வி. உழவுக்கு டிராக்டர் சொல்றீங்க. வண்டி வந்து நிக்குது, பின்னாடி ரோட்டவேட்டரும் மாட்டியிருக்கு. ஆனா டிரைவர், 'அதைச் சுத்த விடணும்னா தனி காசு' என்கிறார். எப்படி இருக்கும்? எங்க ஊர் குருவிநத்தத்துல இப்படிச் சொன்னா வரப்பு மேலயே பஞ்சாயத்து நடக்கும். மெஷின் ஷாப்ல மட்டும் இதுக்கு யாரும் சண்டை போடறதில்லை!

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. தென்பெண்ணைக் கரையிலிருந்து பாகூர் வழியா பஸ் பிடிச்சு, புதுச்சேரியில ஒரு சின்ன மெஷின் ஷாப்புக்கு இன்டர்ன்ஷிப் போறேன். அங்கே ஒரு வி.எம்.சி. மெஷின். எக்ஸ், ஒய், இசட்னு மூணு அச்சுல நகரும். நாலாவதா ஒரு ரோட்டரி டேபிள்; ஜாபைப் பிடிச்சுக்கிட்டு ராட்டினம் மாதிரி திருப்பும். முதல் நாள் பார்த்தா, அது துணியைப் போர்த்திக்கிட்டுத் தூங்குது. ஏன் அண்ணேன்னு கேட்டேன். "மெஷின் நாலுக்கு வாங்கினாங்க, சாஃப்ட்வேரை மூணுக்குத்தான் வாங்கினாங்க தம்பி" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

அந்த சாஃப்ட்வேருக்கு கேம் என்று பெயர். (விளையாடுற கேம் இல்லை!) டிராயிங்கைப் பார்த்து, டூல் எந்த வழியா போகணும்னு மெஷினுக்கு ஜி-கோடு எழுதித் தருவது இதுதான். நாலு, அஞ்சு அச்சு வேலையில் ரெண்டு ரகம். நுங்கு சீவுறவரைப் பாருங்க. திருப்புவார், நிறுத்துவார், வெட்டுவார். இது முதல் ரகம். மாம்பழத் தோலை ஒரே சுருளா சீவும்போது பழமும் சுத்தும், கத்தியும் நகரும். இது ரெண்டாவது ரகம், விலை கூடுதல்.

கம்பெனிகள் இதை வெச்சுத்தான் படி கட்டுறாங்க. மாஸ்டர்கேமில் மல்டி-ஆக்ஸிஸ் என்பது தனியா வாங்கிச் சேர்க்க வேண்டிய பகுதி. ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷனில் சொந்த உபயோகத்துக்கான இலவசப் பதிப்பு ஒண்ணு உண்டு. 2020 அக்டோபரில் அதிலிருந்து மல்டி-ஆக்ஸிஸைத் தூக்கிட்டாங்க. தானாக டூல் மாத்துறதும், வெட்டாத நேரத்தில் டூல் வேகமாப் பாய்வதும் கூடவே போச்சு. காசு கட்டினா நுங்கு ரகம் கிடைக்கும். அஞ்சு அச்சும் ஒரே நேரத்தில் ஆடும் மாம்பழ ரகத்துக்கு அதுக்கு மேலயும் ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கணும். மாணவனான எனக்கு மட்டும் கல்வி லைசென்ஸில் நாலாவது அச்சு இலவசம்!

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிச்சுது.

ஒரு ஆர்டர் வந்தது. 60 மி.மீ. அறுகோண அலுமினியக் கட்டை, ஆறு பக்கமும் ஒரே மாதிரி ஒரு பள்ளம், ரெண்டு துளை. முதலாளி என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, உங்கிட்டதான் எல்லாம் இருக்கே. நீயே போட்டுக் குடுத்துடேன்." எனக்கு ஒரே பெருமை. அன்னிக்கு ராத்திரியே புரோகிராம் ரெடி. பென்டிரைவில் ஏத்தும்போதுதான் லைசென்ஸைப் படிச்சேன். படிப்புக்கு மட்டும், வியாபாரத்துக்கு ஆகாது. சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? யாருக்குத் தெரியப் போகுதுன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா மாட்டினா மாட்டப்போறது அவர் கடைதானே.

காலையில் சொன்னேன். முதலாளி முகம் கறுத்துடுச்சு. "வேலை கத்துக்க வந்தியா, சட்டம் பேச வந்தியா?" இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் அவ்வளவுதான்னு நினைச்சேன்.

டீ நேரத்தில் ஆபரேட்டர் அண்ணன் ஒரு பழைய நோட்டை நீட்டினார். கேம் இல்லாத காலத்தில் கையால் எழுதிய புரோகிராம்கள்! யோசனை ரொம்ப சிம்பிள். ஒரு பக்கத்துக்கு மட்டும் மூணு அச்சு புரோகிராம். ஷாப்பில் காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேரே அதைப் போடும். அதை சப்-புரோகிராமா வெச்சுட்டு, மெயின் புரோகிராமில் ஏ0, எம்98. ஏ60, எம்98 என்று ஆறு தடவை கூப்பிடணும். ஒரே நிபந்தனை, ஜீரோ பாயின்ட் ரோட்டரி சுழலும் மையத்தில் இருக்கணும். டயல் வெச்சு அந்த மையத்தைப் பிடிக்கவே எனக்கு அரை நாள் ஆச்சு.

ஆனாலும் சொதப்பினேன். ஜாபை மாட்டாம ஒவ்வொரு வரியா ஓட்டிப் பார்த்தப்போ, அண்ணன் சட்டுனு ஃபீட் ஹோல்டை அமுக்கினார். "டூல் எங்க நிக்குது, பார்." மையத்திலிருந்து 32 மி.மீ.-ல் நின்னுது. கட்டையின் பக்கம் இருப்பது 30-ல், ரெண்டு மி.மீ. இடைவெளி போதும்னு நான் நினைச்சது. ஆனா அறுகோணத்தின் மூலை 34.64-ல் இருக்கு! கட்டை இருந்திருந்தா, திரும்பும்போது மூலை டூலை முறிச்சிருக்கும். ஒவ்வொரு திருப்பலுக்கு முன்னாடியும் இசட்டை மேல உச்சிக்கே தூக்கும் வரியைச் சேர்த்தேன். பத்தாங்கிளாஸ் காஸ் 30 இப்படி வந்து மிரட்டும்னு யார் கண்டா?

ஜாப் சரியா வந்தது. முதலாளி ஒண்ணும் சொல்லலை. ஆனா ரோட்டரி மேல இருந்த துணி மறுபடி ஏறலை.

போன வாரம் ஒரு இம்பெல்லர் டிராயிங் வந்திருக்கு. வளைஞ்சு முறுக்கின இறக்கைகள், சுத்தமான மாம்பழ ரகம். அஞ்சாவது அச்சே எங்ககிட்ட இல்லை. அண்ணனின் நோட்டிலும் இதுக்கு வழியில்லை. முதலாளி அதைத் திருப்பி அனுப்பாம மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வெச்சிருக்கார். நேத்து சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த சாஃப்ட்வேர் எவ்ளோ ஆகும்னு கேட்டு வை" என்றார். அப்படியே மெஷின் விலையையும்!