அப்பாவிடம் பேச ஐந்து வாட்

கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன ஹாம் ரேடியோ வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே ஆளுக்கு ஒரு போன் இருக்கே, இது எதுக்குங்க?" நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். அறுபதுகளின் கடைசியில் சேர்ந்து, கோவில்பட்டி பக்கத்துச் சின்ன ஊர்களில் 'கட்டுக் கட' என்று சாவி தட்டியே எங்களை வளர்த்தவர். கல்யாண வாழ்த்து, சாவுச் செய்தி, ராணுவத்துப் பையனின் லீவு எல்லாம் அவர் காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. எண்பதுகளில் ஹாம் லைசென்ஸும் எடுத்தார். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனபோது அவர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது. டிவி செய்தியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே நடக்கப் போய்விட்டாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

இப்போது வயது எழுபத்தெட்டு. காது போய்க்கொண்டிருக்கிறது. வெளியூரில் இருக்கும் நம்மில் நிறையப் பேருக்கு இந்த போன் பழக்கமாக இருக்கும். "என்னப்பா, சாப்டாச்சா?" "என்னது?" "சாப்டாச்சான்னு கேட்டேன்." "ஆங்... மழையா? இங்க இல்ல." மூன்றாவது 'என்னது'வுக்குப் பிறகு "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று போன் கை மாறிவிடும். வருடக்கணக்கில் அப்பாவோடு நான் பேசியது அவ்வளவுதான். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு நாள் அவரே சொன்னார்: "சத்தம் கேக்குதுல, சொல்லுதான் விளங்க மாட்டேங்கு." அது அப்படியே உண்மை. வயதானால் முதலில் போவது உயர்ந்த ஸ்தாயி. 'ச', 'த', 'ப' மாதிரி மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுகிற கீச்சொலிகள் அங்கேதான் இருக்கின்றன. உயிரெழுத்தின் கனம் கீழே இருக்கிறது. அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இன்னும் கத்தினால் 'ஆ'வும் 'ஓ'வும்தான் பெரிதாகும்.

மோர்ஸுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 600 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு விசில். அது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். அந்த இடத்தில் அப்பாவின் காது இன்னும் இளமையாகத்தான் இருக்கிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவருடைய பழைய ஜப்பான் பெட்டியில் யாரோ சர்ரென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே, "இவன் ஹைதராபாத்துக்காரன், மகளுக்கு வரன் பாக்கானாம்" என்றார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், எனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று.

நான் இருப்பது புனேயில், ஏழாவது மாடி. மொட்டை மாடியில் கம்பி கட்ட அசோசியேஷன் விடாது (கேட்டுப் பார்த்தாயிற்று. "மொபைல் டவரா?" என்று ஒரு கூட்டமே போட்டுவிட்டார்கள்). விட்டாலும் பிரயோஜனம் இல்லை. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து குறுஅலையில் போடுகிற இரைச்சலில் அப்பாவின் சிக்னல் அமுங்கிப்போகும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேதாள் டேக்டி குன்றுக்குத்தான் போகவேண்டும். அங்கே மயில் சத்தம் தவிர வேறு இரைச்சல் கிடையாது. பையில் போகவேண்டும் என்றால் பேட்டரி சின்னது, ஆகவே வாட்டும் குறைவு. ஹாம்கள் இதை க்யூஆர்பி என்பார்கள். மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட் என்பது வழக்கமான வரம்பு.

ஐந்து வாட்டில் ஆயிரத்து நூறு கிலோமீட்டரா என்று கேட்பீர்கள். 100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால் இழப்பு 13 டெசிபெல். ரேடியோ மீட்டரில் ஒரு 'எஸ்' படி என்பது 6 டெசிபெல். ஆக, 100 வாட்டில் எஸ்-7 என்று கேட்பவன் 5 வாட்டில் எஸ்-5க்குக் கொஞ்சம் கீழே கேட்பான், அவ்வளவுதான். அப்பா இருக்கும் இடம் கரிசல் காட்டு ஓரம், ராத்திரி நாய் குரைப்பதுதான் அங்கே பெரிய இரைச்சல். அங்கே எஸ்-5 என்பது தாராளம். என் சிக்னல் அவருக்குக் கேட்குமா என்பதை என் வாட்டை விட அவர் ஊரின் அமைதிதான் முடிவு பண்ணுகிறது.

சரி, மேட்டருக்கு வருகிறேன். எந்தப் பெட்டி?

கடைக்காரர்களும் யூடியூப் விமர்சகர்களும் எத்தனை பேண்ட், எத்தனை அங்குலத் திரை என்று சொல்வார்கள். என் தேவை வேறு. ஒன்று, மோர்ஸ் நன்றாக இருக்கவேண்டும். குரல் இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. இரண்டு, முழு 'பிரேக்-இன்' வேண்டும். அதாவது நான் அடிக்கும் புள்ளிகளுக்கு நடுவில்கூட எதிராளி கேட்கவேண்டும். அப்பா குறுக்கே பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. மூன்று, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் குறைவாகக் குடிக்கவேண்டும். பேசுவதைவிடக் கேட்கும் நேரம்தானே அதிகம். நான்கு, விலை. மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை :-)

க்யூஆர்பி என்றதும் எல்லோரும் சொல்வது யயேசு எஃப்டி-817. இருபது வருடத்துக்கு மேலாக மலையேறுகிறவர்களின் செல்லப்பிள்ளை. குறுஅலையிலிருந்து யுஹெச்எஃப் வரை எல்லாம் ஒரே செங்கல் அளவுப் பெட்டியில். அதன் தம்பி எஃப்டி-818 வந்தது 2018-ல், அதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. பழையது கிடைக்கும். ஆனால் சும்மா கேட்கவே அரை ஆம்பியரை நெருங்கும். மோர்ஸுக்கான குறுகிய ஃபில்டர் தனியாக வாங்கவேண்டும், அது கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஐகாம் ஐசி-705 இருக்கிறதே, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 2020-ல் வந்தது. கலர் தொடுதிரையில் அலைவரிசை முழுக்க அருவி மாதிரி ஓடும். சொந்த பேட்டரியில் 5 வாட், வெளி பேட்டரியில் 10. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விலை லட்சத்துக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு குன்றில் உட்கார்ந்தால் அப்பாவைக் கேட்பேனா, கீறல் விழுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பேனா?

எலிகிராஃப்ட் கேஎக்ஸ்-2 மேல் எனக்கு உண்மையிலேயே காதல். உள்ளங்கை அகலம், நானூறு கிராமுக்குள், கேட்க 135 மில்லி ஆம்பியர்தான், மோர்ஸுக்கென்றே பிறந்தது. கலிபோர்னியாவில் செய்கிறார்கள். விலை, கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டினால் காதல் கொஞ்சம் தணிகிறது. சீனாவின் ஷியெகு ஜி-90 நல்ல பெட்டி, 20 வாட், ஆன்டெனா ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. குரலில் பேசுகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். பேட்டரியும் பெரிதாக வேண்டும், அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நம்ம ஊர்ச் சரக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் உலகம் முழுக்கப் பிரபலம். கடையில் கிடைக்கிற சாதாரணப் பாகங்களை வைத்து இந்தியர்கள் தாங்களே செய்துகொள்ளவேண்டும் என்று ஆரம்பித்தது. பிறகு வந்த மைக்ரோபிட்எக்ஸ் 7 மெகாஹெர்ட்ஸில் பத்து வாட் வரை தரும். சர்க்யூட் முழுதும் திறந்த புத்தகம். எது கெட்டாலும் நாமே பார்க்கலாம். ஆனால் அதன் மனம் குரலில்தான் இருக்கிறது. மோர்ஸுக்குக் குறுகிய ஃபில்டர் கிடையாது. அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ரிலே மாறவேண்டும், அதற்குள் அப்பா இரண்டு வார்த்தை பேசிவிடுவார். குரலில் பேசும் அப்பாவாக இருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன்.

கடைசியில் நின்றது க்யூசிஎக்ஸ் மினி. க்யூஆர்பி லேப்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் கிட். ஒரே ஒரு பேண்ட், மோர்ஸ் மட்டும், மைக் மாட்ட ஓட்டையே கிடையாது. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிது. 5 வாட். 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர். முழு பிரேக்-இன். கேட்க நூறு மில்லி ஆம்பியர்கூட ஆகாது. அனுப்பும்போது அரை ஆம்பியர் சொச்சம். மூன்று 18650 செல் போட்டால் வாரக்கணக்கில் வரும். ஒரே பேண்ட் என்பதைக் குறையாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரே அப்பாதானே! 7 மெகாஹெர்ட்ஸுக்கு வாங்கினேன். புனேயிலிருந்து கோவில்பட்டிக்குக் காலை ஆறரை மணிக்கு அதுதான் வாகு. வெயில் ஏற ஏற வானத்தின் கீழடுக்கு அலையை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், ஒன்பது மணிக்கெல்லாம் கடையைக் கட்டவேண்டியதுதான்.

கிட் என்றால் நாமே பற்றவைக்கவேண்டும். பொடிப் பாகங்களை அவர்களே வைத்து அனுப்புகிறார்கள். நமக்கு மிச்சம் இருப்பது கனெக்டர்களும், வளையத்தில் கம்பி சுற்றுகிற வேலையும். வளையத்துக்குள் கம்பி ஒரு முறை நுழைந்தால் ஒரு சுற்று. என் கண்ணுக்கு அது இப்போது சிரமம். மகள்தான் எண்ணினாள். நடுவில் தங்கமணி "பால் வாங்கிட்டு வாங்க" என்றபோது, "அம்மா, இருபத்தி ரெண்டு! பேசாத!" என்று ஒரு அதட்டல். வீட்டில் என்னால் முடியாத காரியம்.

ஆன்டெனா பெரிய விஷயமில்லை. இருபது மீட்டர் கம்பி, நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து மீட்டர். நடுப்பகுதியை ஏழு மீட்டர் தூண்டில் கம்பின் உச்சியில் கட்டி, இரண்டு முனையையும் சரிவாகத் தரைப்பக்கம் இறக்கி இழுத்துக் கட்டினால் போதும். மரத்தில் ஆணி அடிப்பதெல்லாம் கிடையாது. லைசென்ஸ் நகல் எப்போதும் பையில் இருக்கும். காலை நடைக்கு வருகிற தாத்தாக்கள் நின்று "ஹே காய் ஆஹே?" என்பார்கள். "அப்பாவோடு பேசுகிறேன்" என்று மராத்தியில் சொன்னால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்வார்கள். அப்பா இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகம் போல.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது முறை. ஒன்றுமில்லை. மூன்றாவது முறை பாதியிலேயே குறுக்கே வந்தார் (பிரேக்-இன்!). அவருடைய கை எனக்குத் தெரியும். கோடுகளைக் கொஞ்சம் இழுத்துத்தான் அடிப்பார். 2012-ல் ஜெனரல் கிரேடு பரீட்சைக்காக நிமிடத்துக்கு எட்டு வார்த்தை பழகியதோடு சரி, என் வேகம் இன்னும் அதே மாட்டுவண்டிதான். அது அவருக்குத் தெரிந்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அடித்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். 'சாப்டியா' என்று கேட்டார். காலை ஆறே முக்காலுக்கு!

இப்போது ஞாயிறு தவறாமல் பேசுகிறோம். வானத்தில் போகிற பேச்சு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அதனால் வீட்டு ரகசியம், பணம் காசு எதுவும் கிடையாது. ஹாம் விதிகளும் சொந்தப் பேச்சு என்றால் சில்லறை விஷயத்தோடு நிறுத்தச் சொல்கின்றன. ஆனால் அந்தச் சில்லறை விஷயம்தானே எங்களுக்குள் இல்லாமல் போயிருந்தது. கிணற்றில் தண்ணீர் எத்தனை படி. வேப்பமரத்தில் கட்டியிருந்த கம்பியில் அணில் ஓடுவது. போன மாதம் ஒரு நாள், 'நைட்ல வண்டி ஓட்டறது விட்டாச்சு' என்று அடித்தார். போனில் நான் நாலு வருஷமாகக் கெஞ்சிய விஷயம். காதில் விழாமல் இருந்ததா, விழாத மாதிரி இருந்தாரா, அதை நான் கேட்கவில்லை. 'நல்லது' என்று மட்டும் அடித்தேன்.

"அம்மாகிட்ட பேசு" என்று இதில் அவரால் தப்பிக்கவும் முடியாது. அம்மாவுக்கு மோர்ஸ் தெரியாது.

மகளுக்கு இப்போது பதினொன்று. தாத்தாவிடம் அவளும் அடிக்கவேண்டும் என்கிறாள். லைசென்ஸ் இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு முடிந்தால் பரீட்சை எழுதலாம். அதுவரை பழகுவதற்கு ஒரு பஸ்ஸரும் பேட்டரியும் போதும். இதை அப்பாவிடம் சொன்னேன். நாலு நாளில் கொரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பழைய வேட்டித் துண்டில் சுற்றிய பித்தளைச் சாவி. கூடவே ஒரு இன்லண்ட் லெட்டர், அவர் கையெழுத்தில் மூன்றே வரி: திருகை ரொம்ப முறுக்காதே, மணிக்கட்டை மேசையில் வைக்காதே, தினம் பதினைந்து நிமிஷம்.

பி.கு: பெட்டி எதுவானாலும், முதலில் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை வாங்கி வீட்டில் வைத்திருப்பதே தப்பு.