கடைசியில் வருகிறவளுக்கும் ஐந்து நிமிஷம்

"பெண்களும் வரலாம்" என்று ஒரு சைக்கிள் குழு அறிவித்துவிட்டால் போதுமா, சகோதரிகளே? ஒரு தடவை வருவோம். இரண்டாம் தடவை வருவோமா என்பதுதான் கேள்வி.

நான் ராசிபுரத்துக்காரி. எங்கள் அடுத்த வீட்டு அக்காவுக்கு வயது 42. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. "தினம் அரை மணி நேரமாவது உடம்பு அசையணும்மா" என்றார் டாக்டர். நடந்தாலோ முழங்கால் வலி. சைக்கிளில் உடம்பின் பாரத்தை அநேகமாக சீட்டே தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு அவ்வளவு சிரமமில்லை. மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் திண்ணையோரம் சும்மாதான் நின்றது. சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்தான் அக்கா. இருபது வருஷமாகத் தொடவில்லை.

எங்கள் வட்டாரத்தில் ஞாயிறுதோறும் கூட்டமாகச் சைக்கிள் விடும் குழு ஒன்று உண்டு. "மெதுவாத்தான் போவோம், தைரியமா வாங்கக்கா" என்றார்கள். இருவரும் போனோம். அவர்களுடைய மெதுவு வேறு, எங்களுடைய மெதுவு வேறு என்பது மூன்றாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துபோயிற்று. டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் மூச்சு வாங்க வந்து இறங்கியதும், "வந்துட்டீங்களா? சரி, போலாமா!" என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வேகமாக வந்தவர்களுக்குப் பத்து நிமிஷ ஓய்வு. ஓய்வு நிஜமாகவே வேண்டியவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை! இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் எத்தனை பேரை இந்த ஒரு வழக்கமே வீட்டுக்கு அனுப்பியிருக்குமோ!

திரும்பும்போது சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் அக்காவின் செயின் கழன்றது. எங்கள் பக்கத்து லாரிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று எங்களைத் தள்ளியது. முன்னால் போனவர்களில் ஒருவருக்கும் நாங்கள் நின்றது தெரியாது. கையெல்லாம் கிரீஸோடு செயினை மாட்டி ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம். "இனி நான் வரலை கண்ணு, எல்லாருக்கும் என்னாலதான் தொந்தரவு" என்றார் அக்கா. அவருடைய மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள். கேலி பேசியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அந்தப் பெண்கள் யாரோ ஆண்களுடைய கூட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. முகாமே அவர்களுக்காகத்தான் நடந்தது. கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஏன் தெரியுமா? அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

அக்காவை மூன்று வாரம் கெஞ்சினேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். இப்போது பதினொரு பேர். முதலில் நேரத்தை மாற்றினோம். ஞாயிறு காலை 5.30 என்பது ஆண்களுக்குச் சௌகரியமான நேரம். பால் காய்ச்சி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, டிபனுக்கு ஏற்பாடு செய்கிறவளுக்கு அது எப்படி ஒத்துவரும்? நாங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போகும் கிராமத்துச் சாலை, போன வழியே திரும்பி வருவது. முடியாதவர் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம், வழி தவறாது. ஜவ்வரிசி மில் பக்கம் வீசும் புளித்த வாசனையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

நிதானமானவர்தான் முன்னால் போவார். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒருவர், அவருக்கு "வால்" என்று பெயர். வாலைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. வாலிடம் பம்பு, பஞ்சர் சாமான், வெல்லமிட்டாய் இருக்கும். கடைசியாக வருகிறவர் சைக்கிளை நிறுத்திய பிறகுதான் ஐந்து நிமிஷ ஓய்வை எண்ணத் தொடங்குவோம். வேகமானவர்களுக்கு இதில் கொஞ்சம் அலுப்புதான். அவர்கள் செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்க்கொள்கிறார்கள், அதில் சண்டை இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் இல்லாமல் புடவையோடு ஏறாதீர்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பிரசவமானவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களும் அப்படியே. ஓட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், அதற்குத்தான் அந்த வெல்லமிட்டாய். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் மூன்று சாயங்காலம் அதற்குச் சரியாக வருகிறது. மாத்திரையையும் பத்தியத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது என்று அக்காவே எல்லாருக்கும் சொல்கிறார்.

போன மாதம் சேர்ந்த ஒரு இளம் தாய் இரண்டாவது கிலோமீட்டரிலேயே இறங்கிவிட்டாள். அன்றைக்கு அக்காதான் வால். அவரும் இறங்கி, இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கதை பேசியபடியே வந்தார்கள். நாங்கள் தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

அக்காவின் மாமியார் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டறதுக்குள்ள வந்து சேருங்க" என்கிறார், அவ்வளவுதான். ஆனால் சென்ற வாரம் அக்கா வாசலிலேயே விட்டுவிட்ட பம்பை யாரோ எடுத்துத் துடைத்து உள்ளே வைத்திருந்தார்கள். வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை.