மூன்று பெயர் கொண்ட கட்டளை

பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் எங்கள் தமிழ் ஐயா சிவப்பு மையில் சுழித்துவிடுவார். 'கூறியது கூறல்' என்று ஓரத்தில் எழுதுவார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று. சொன்ன கருத்தையே திரும்பச் சொல்வதைத்தான் நன்னூல் குறை சொல்கிறது; ஐயா அதைச் சொல்லுக்கும் நீட்டிவிட்டார். அந்தப் பயம் 1980-களில் என்னோடு விமானமேறி நியூ ஜெர்சிக்கும் வந்தது.

மென்பொருளுக்கு உதவிக் கையேடு எழுதும் வேலை. திரையில் இருந்தது 'டெலிட்' என்ற ஒரே கட்டளை. நான் ஒரு பக்கத்தில் 'டெலிட்', அடுத்த பக்கத்தில் 'ரிமூவ்', அதற்கும் அடுத்ததில் 'இரேஸ்' என்று எழுதினேன். நடை சலிக்கக் கூடாதே! கையேடு வெளியான மாதமே ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் கேட்டார்: "ரிமூவ் செய்ததைத் திரும்ப எடுக்கலாமா? இரேஸ் எங்கே இருக்கிறது?" இல்லாத கட்டளையை அரை நாள் தேடியிருக்கிறார், பாவம். பத்துக் குற்றங்களில் ஒன்றுக்குப் பயந்து ஓடிய நான், அதே பட்டியலில் இருக்கும் 'மயங்க வைத்த'லில் போய் விழுந்திருந்தேன்.

அதன் பிறகுதான் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கையேட்டைப் பொறுமையாகப் புரட்டினேன். நாங்கள் குடியிருந்த அதே மாநிலத்தில், முர்ரே ஹில்லில் இருக்கும் பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது; முதல் பதிப்பின் தேதி 1971 நவம்பர் 3. எந்தக் கட்டளையை எடுத்தாலும் முதலில் பெயர், பிறகு அதைத் தட்டச்சிடும் விதம், பிறகு விளக்கம் என்று ஒரே வரிசை. தெரிந்த கோளாறுகளுக்கென்று 'பக்ஸ்' என்ற தலைப்புகூட உண்டு. கதை போல உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும். ஆனால் உதவிக் குறிப்பை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அவசரத்தில், ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு தேடி வருகிறார்கள். அந்தச் சொல் அங்கே இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

தமிழில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. 'ஃபைல்' தப்பித்துக்கொண்டது, அரசு அலுவலகத்துக் கோப்பு அப்படியே கணினிக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினிக்கே கணிப்பொறி என்றும், இலங்கையில் கணனி என்றும் பெயர். யுனிக்ஸ்காரர்களின் 'டைரக்டரி' விண்டோஸ் 95-ல் 'ஃபோல்டர்' ஆனது. நாம் அடைவு, கோப்பகம், கோப்புறை என்று மூன்றையும் புழங்குகிறோம். பெயர் பல இருப்பதையாவது பொறுக்கலாம். ஒரே சொல் பல பொருளைச் சுமப்பதுதான் வம்பு. சுட்டி என்றால் மவுஸ், சிலருக்கு லிங்க். இணைப்பு என்றால் லிங்க், மின்னஞ்சலோடு அனுப்பும் அட்டாச்மென்ட், இணையத் தொடர்பு, மூன்றும்.

சென்ற பொங்கலுக்குத் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்குப் பேத்தியின் படத்தை அனுப்பி, "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நானே கூப்பிட்டேன்.

"இணைப்பைப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்ல. நாலு கோடும் நல்லாத்தான தெரியுது."

விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. படத்தைத் திறந்துவிட்டாள் போலும்.

"படம்னு எழுத ஒனக்கு என்னல கேடு?" என்றாள்.