ஆறு நிமிடக் காத்திருப்பும் ஒரு பத்தாம் வகுப்புக் கணக்கும்



"சார், இந்தச் சூத்திரம் வாழ்க்கையில எங்க சார் உதவப் போகுது?" கூட்டுத் தொடர் நடத்தும்போது ஆண்டுதோறும் யாராவது கேட்பீர்கள். பேரன் விளையாடும் வீடியோ கேமிலிருந்து இதோ ஒரு பதில்.

1982-இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினியில் கேம்கள் பாட்டு கேட்கிற சாதாரணக் கேசட்டில்தான் வந்தன. 48 கிலோபைட் ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஒரே நொடியில் 5.5 ஜிகாபைட் படிக்கிறது. அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்!

வேகம் இவ்வளவு ஏறியும் காத்திருப்பு ஒழியவில்லை. 2013-இல் வந்த ஜி.டி.ஏ. ஆன்லைன் பல கணினிகளில் தொடங்கவே சில நிமிடங்கள் எடுத்தது. "பெரிய கேம், அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். 2021-இல் 'டோஸ்ட்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் "ஏன்?" என்று தோண்டிப் பார்த்தார்.

கேமுக்குள் விற்கும் பொருள்களின் பட்டியல் ஒன்று. சுமார் 63,000 பொருள்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மிச்சப் பட்டியலின் நீளத்தை நிரல் மறுபடி மறுபடி அளந்திருக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு பொருளையும் அதற்கு முன் வந்த அத்தனையோடும் ஒப்பிட்டிருக்கிறது. 0 + 1 + 2 என்று 62,999 வரை கூட்டுங்கள். 63,000-ஐ 62,999-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள்! பட்டியலில் ஒரு பொருள்கூட இரண்டு முறை வரவில்லை என்பதால் அத்தனையும் வீண்.

இரண்டையும் அவர் சரிசெய்ததும், அவர் கணினியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

உங்களில் பலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் நிரலுக்கு முன்னால் யாரோ காத்திருக்கிறார்கள்: மருந்துக்கு டோக்கன் போட்ட பெரியவர், ஹால் டிக்கெட் இறக்கும் பிள்ளை. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கென்ன பஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தின் அருமை இந்த வயதில்தான் தெரிகிறது. "சர்வர் ஸ்லோ" என்று சொல்லும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வீட்டுப்பாடம்: 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? கமெண்டில் எழுதுங்கள். கால்குலேட்டர் கூடாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்