அது விபத்து அல்ல

மங்கலம் பக்கம் வேலை செய்பவர்களுக்குக் காயம் புதிதல்ல. தறியில் விரல் மாட்டும், கட்டிங் மெஷினில் கை கிழியும். இவை விபத்துகள். இதே ஊரில் இன்னொரு வகைக் காயமும் உண்டு. சூப்பர்வைசர் கன்னத்தில் அறைவார். வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவார்கள். தோழர்களே, இந்த இரண்டையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கக் கூடாது.

ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கேட்கும் உரிமையைப் பேசுவது தீங்கியல் சட்டம். ‘டார்ட்’ என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். அதில் கவனக்குறைவால் நேர்ந்த தீங்கு ஒரு வகை, வேண்டுமென்றே செய்த தீங்கு இன்னொரு வகை. அடிக்கப் போவதாக அஞ்ச வைப்பது, உடம்பில் கை வைப்பது, வெளியேற வழியில்லாமல் அடைத்து வைப்பது மூன்றும் இரண்டாவது வகையில் வரும். ‘வேண்டுமென்றே’ என்பதற்கு மனதில் வன்மம் இருந்தாக வேண்டும் என்று பொருள் இல்லை. பஞ்சுத் தூசி ஊதும் காற்றுக் குழாயை ஒருவன் கூட வேலை செய்பவரின் உடம்பில் வைத்துத் திறந்துவிட்டு “விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்” என்றால் தப்பிக்க முடியாது. செய்த செயலை அறிந்தே செய்தான். அதன் விளைவுக்கு அவனே பொறுப்பு.

ஒருமுறை, செக்கிங் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அருந்ததியர் குடும்பம். சூப்பர்வைசர் அறைந்ததில் காது அடைத்துப் போயிருந்தது. கூடவே வந்த கம்பெனி ஆள் முந்திக்கொண்டு, “ஸ்டூல்ல இருந்து தவறி விழுந்துட்டாங்க” என்றார். அந்த ஒரு வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருந்தால் அடி விபத்தாகியிருக்கும். அவர் விடவில்லை. “அடிச்சாருங்க, அப்படியே எழுதுங்க” என்றார்.

காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, “சாதிப் பேரைச் சொன்னாரா?” அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “பேரச் சொல்லலீங்க. ஆனா அந்த லைன்ல வேற யாரையும் அவரு கை நீட்டி அடிச்சதில்லீங்க.”

அந்தக் கேள்வி சட்டத்தைப் பாதிதான் அறிந்த கேள்வி. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உள்ள பல குற்றங்களில் ஒன்று. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பிரிவு 3(2)(வி.ஏ.), பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே ஒருவரை அடித்துக் காயப்படுத்தினாலும் பொருந்தும். அடித்தவருக்கு அவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிப்பது அடித்தவர் வேலை.

அடுத்தது பணம். இந்தச் சட்டத்தின் விதிகளின்படி அரசு தரும் நிவாரணத்தை, 2016 திருத்தம் குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தது. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று பல கட்டங்களாக வரும். நிவாரணம் கைக்கு வந்ததும் “அதான் பணம் வாங்கிட்டீங்களே” என்று ஊர் பேசும். விதி 12(5) அதற்குப் பதில் சொல்கிறது: வேறு சட்டங்களின்படி இழப்பீடு கேட்கும் உரிமைக்கு மேல் கூடுதலாகத் தருவதுதான் இந்த நிவாரணம். அது நம் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்து வருகிறது. அடித்தவர் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

போக வைக்க முடியும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூனில் அந்த மலைவாழ் மக்கள் மீது வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய வன்முறைக்காக, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றது. அது உரிமையியல் வழக்கில் வந்த தீர்ப்பு அல்ல. ஆனால் செய்தவனும் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

உரிமையியல் வழக்கு சீக்கிரம் முடியாது, உண்மைதான். ஆனாலும் வாசல் மூடியில்லை. குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் அங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கேள்வி. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டியது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர், வசதியற்றவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். ஆனால் அடைத்து வைத்ததற்கு வழக்குப் போட, வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம்.

அடுத்த முறை நீங்கள் யாரோடாவது ஆஸ்பத்திரிக்குப் போனால், காயம்பட்டவரே வாய் திறந்து பேசட்டும், கம்பெனி ஆள் பேச வேண்டாம். “யார் அடித்தது, எதனால், எங்கே” என்பது விபத்துப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று அவர் பிறகு முடிவு செய்துகொள்ளட்டும்.