மெக்கானிக் கையும் பழைய ஆயிலும்

அம்பத்தூர், ஆவடி பக்கம் ஓ.பி. பார்க்கிற டாக்டருக்கு மெக்கானிக் கையைத் தெரியும். நகக்கண்ல கருப்பு, விரல் இடுக்குல வெடிப்பு. "கையை எதுல கழுவுறீங்கண்ணே?"ன்னு கேட்டா, "பெட்ரோல்ல சார்"னுதான் பதில் வரும்.

பைக்ல ஆயில் ஃபில்டர் மாத்துறது சின்ன வேலை. என் புல்லட்டுக்கு நானே செய்வேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி வெதுவெதுப்பான ஆயிலை வடியவிடணும். பழைய ஃபில்டரை எடுத்துட்டு, புது ஓ-ரிங்கோட புதுசைப் போடணும்.

விஷயம் வடிஞ்ச கருப்பு ஆயில்லதான். பெட்ரோல் எரியும்போது உண்டாகிற பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அதுல சேருது. எலித்தோல்ல தொடர்ந்து தடவின ஆய்வுகள்ல புற்றுநோய் வந்திருக்கு. புகைபோக்கி துடைக்கிறவங்களோட விதைப்பைப் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம்னு லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775லயே எழுதினார். அந்தக் கரியிலயும் இதே வகைப் பொருள்தான்.

எப்பவாவது ஒருநாள் பட்டா பயப்பட வேணாம். வருஷக்கணக்கா தினமும் படுறதுதான் ஆபத்து. பெட்ரோல்ல கழுவினா தோலோட எண்ணெய்ப்பசையும் போயிடும், அதான் வெடிப்பு.

சோப்பு போட்டுக் கழுவுங்க. ஆயில் துணியை பேன்ட் பாக்கெட்ல வைக்காதீங்க. பழைய ஆயிலைக் காயத்துல தடவாதீங்க, கால்வாய்லயும் ஊத்தாதீங்க. அம்பத்தூர் ஏரி நிரம்பினா தண்ணி கொரட்டூர் ஏரிக்குத்தான் போகுது. கேன்ல பிடிச்சு சர்வீஸ் சென்டர்ல கொடுங்க.

முக்கியமா, மெல்லிசான நைட்ரைல் கையுறை மாட்டுங்க. "சின்ன போல்ட் பிடிபடாது சார்"ம்பாங்க. பிடிபடும்ணே. கையுறையோடதான் நாங்க தையல் முடிச்சே போடுறோம்.